ஆலன் ராம்சேயின் படங்களில் எதைப் பார்க்க வேண்டும்?

இளவெயில்:

எல்லோருக்கும் வணக்கம். ஓவியக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் பிரபுக்களின் உருவப்படங்களைப் பற்றி ஆளுக்கொரு கட்டுரை எழுத வேண்டும். ரெனால்ட்ஸையும் கெய்ன்ஸ்பரோவையும் என் தோழிகள் முதலிலேயே எடுத்துக்கொண்டார்கள். எனக்கு வந்தது ஆலன் ராம்சே.

படங்களைப் பதிவிறக்கி வரிசையாக வைத்துப் பார்க்கிறேன். ஒரு பெண் ஜாடியில் பூ வைக்கிறார். இன்னொரு பெண் வெள்ளைச் சாட்டின் உடையில் நீளக் கழுத்துள்ள ஒரு வீணை மாதிரியான வாத்தியத்தோடு நிற்கிறார். ஒருவர் சிவப்புக் கோட்டில் சும்மா நேராகப் பார்க்கிறார். ரெனால்ட்ஸ் படத்தில் புயல் இருக்கிறது, தூண் இருக்கிறது, கிரேக்கத் தேவதை இருக்கிறாள். எழுதுவதற்குப் பிடி கிடைக்கிறது. ராம்சேயிடம் எதுவுமே நடக்கவில்லை. "மென்மையான வண்ணங்கள், அமைதியான முகம்" என்று எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும்.

இவர் அரசருக்குப் பிடித்த ஒரு சுத்தமான கைவேலைக்காரர், அவ்வளவுதானா? இல்லை, நான் பார்க்கத் தெரியாமல் பார்க்கிறேனா? இந்தக் காலத்து ஓவியம் தெரிந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.


தெற்குமாசி:

இளவெயில், மூன்று பேரில் எனக்கு மிகவும் பிடித்தவர் உங்கள் பங்குக்கு வந்திருக்கிறார். நான் கலை வரலாறு படித்தவன் இல்லை. போர்ட்ரெய்ட் வரைவது என் தொழில். பள்ளித் தாளாளர், ஜவுளிக்கடை ஸ்தாபகர், கோயில் அறங்காவலர் என்று ஆயிலில் வரைந்து கொடுக்கிறேன். மகன் எடின்பரோவில் வேலையில் இருந்த சமயம் ஒரு குளிர்காலம் முழுக்க அங்கே தங்கினேன். அங்கே நேஷனல் கேலரிக்குக் கட்டணம் கிடையாது. அதனால் ராம்சேக்கு முன்னால் வேண்டுமட்டும் நிற்கக் கிடைத்தது. நான் சொல்வது தூரிகை பிடிக்கிறவன் பார்வை. கட்டுரைக்கு வேண்டிய ஆண்டுகளையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன்.

பூ வைக்கிற பெண்ணிலிருந்தே தொடங்குங்கள். அவர் மார்கரெட் லிண்ட்சே, ராம்சேயின் இரண்டாவது மனைவி. 1758க்கும் 1760க்கும் இடையில் வரைந்த படம். உயரம் சுமார் 74 சென்டிமீட்டர், அகலம் 62. கையில் ஒரு ரோஜா. அதை ஜாடியில் செருகப் போகிற நேரத்தில் யாரோ அறைக்குள் வந்திருக்கிறார்கள். வந்தவர் அந்நியர் இல்லை. அதனால்தான் கையிலிருக்கும் வேலையை விடாமல் முகத்தை மட்டும் திருப்புகிறார். இன்னும் ஒரு நொடி போனால் ஏதாவது பேசுவார், அல்லது திரும்பவும் பூவைப் பார்ப்பார். "எதுவும் நடக்கவில்லை" என்கிறீர்களே, நடந்திருப்பது இதுதான். ஒருவர் இன்னொருவரைக் கவனித்திருக்கிறார். ராம்சே தன் நல்ல படங்கள் எல்லாவற்றிலும் வரைவது இந்தக் கவனத்தைத்தான். மற்றதெல்லாம் இதற்கு வழி விட்டு ஒதுங்கி நிற்கிறது.

அந்தப் பெண் யார் என்பதும் தெரிய வேண்டும். எவலிக் என்ற ஊர்ப் பிரபு சர் அலெக்சாண்டர் லிண்ட்சேயின் மகள். அம்மா வழியில் மான்ஸ்ஃபீல்ட் பிரபுவின் மருமகள். ராம்சே அவருக்குச் சித்திரம் சொல்லிக்கொடுக்கப் போன வாத்தியார்; முதல் மனைவியை 1743இல் பிரசவத்தில் இழந்தவர்; கையில் ஒரு மகள். 1752இல் இருவரும் வீட்டாருக்குத் தெரியாமல் போய்க் கல்யாணம் செய்துகொண்டார்கள். பெண்ணின் அப்பாவுக்கு ராம்சே எழுதிய கடிதம் இருக்கிறது. மகளையும் இரண்டு சகோதரிகளையும் தான்தான் காப்பாற்றுகிறேன், ஆனாலும் மார்கரெட்டுக்கு வருடம் 100 பவுன் ஒதுக்க முடியும், என் வரும்படி ஏற ஏற அதுவும் ஏறும் என்று எழுதுகிறார். பெரியவர் கடைசிவரை மனம் இறங்கவில்லை.

இப்போது படத்தை மறுபடி பாருங்கள். பிரபு வீட்டுப் பெண் என்பதற்கு ஒரு சாட்சியமும் இல்லை. மாளிகை இல்லை, குலச் சின்னம் இல்லை, பின்னால் பட்டுத் திரை தொங்கவில்லை. லேஸும் பூவும் வெளிச்சமும்தான். அவர் எந்தக் குடும்பத்துப் பெண் என்று ஊருக்குக் காட்ட வேண்டிய அவசியமே ராம்சேக்கு இருக்கவில்லை என்று நினைக்கிறேன். என்னிடம் படம் வரையக் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் கடைசியில் ஒரு வார்த்தை சொல்வார்கள்: "சங்கிலியைக் கொஞ்சம் கனமாப் போட்டுருங்க." லண்டன் பிரபுக்கள் கேட்டதும் கிட்டத்தட்ட அதுதான். அவர்களுக்குச் சங்கிலிக்குப் பதில் தூணும் திரைச்சீலையும். அதை விட்டுவிட்டு முகத்தை மட்டும் வைத்து நிறுத்த எவ்வளவு தைரியம் வேண்டும் என்று இந்தத் தொழிலில் இருப்பவனுக்குத் தெரியும். முகம் தோற்றால் தாங்கிப் பிடிக்கப் படத்தில் வேறு எதுவும் இருக்காது.

அந்த முகத்தை அவர் எப்படிச் செய்தார்? இங்கேதான் உங்கள் கட்டுரைக்கு விஷயம் இருக்கிறது. ராம்சே 1736இல் ரோமுக்குப் போய், பிறகு நேப்பிள்ஸில் ஓவியர் சொலிமேனாவின் பட்டறையிலும் பயின்று, 1738இல் லண்டனில் கடை விரித்தவர். இத்தாலியிலிருந்து கொண்டுவந்த பழக்கங்களில் ஒன்று, முகத்தின் அடிப்பூச்சைச் சிவப்பில் கட்டுவது. வெர்மிலியன் சிவப்பில் நெற்றி, கன்னம், மூக்கு எல்லாவற்றின் மேடு பள்ளத்தையும் முதலில் எழுப்பிவிட்டு, அதன் மேல் தோல் நிறத்தை மெல்லிசாக ஏற்றுவார். லண்டன் ஓவியர்களைப் பற்றிக் குறிப்பெழுதி வந்த ஜார்ஜ் வெர்ச்சூ அந்தக் காலத்திலேயே இதைக் குறித்து வைத்திருக்கிறார். தூரிகைத் தடமே தெரியாத அந்த வழவழப்பு அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

நானும் அந்தச் சிவப்பு அடிப்பூச்சை மாநிற முகங்களுக்குப் போட்டுப் பார்க்கிறேன். மேல் பூச்சைக் கனமாகப் போட்டால் எல்லாம் மறைந்துபோகும். மெல்லிசாகப் போட்டால் காது மடல், மூக்கு நுனி, விரல் கணு ஆகிய இடங்களில் உள்ளேயிருந்து ரத்தம் தெரியும். மார்கரெட்டின் முகத்தில் நிழல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. கன்னத்திலிருந்து கழுத்துக்கு இறங்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் கலந்த ரோஸ், அதற்குக் கீழே மங்கலான பச்சை, பிறகு திரும்பவும் ரோஸ். கோடு என்று ஒன்று கிடையாது.

இதற்கு எதிர்ப்பக்கம் ரெனால்ட்ஸ். அவருடைய சீடர் நார்த்கோட் சொன்ன ஒரு சம்பவம் உண்டு. முகத்துக்கு வெர்மிலியன் சேர்த்தால் நிறம் நிலைக்குமே என்று சீடர் கேட்க, ரெனால்ட்ஸ் தன் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சதையில் வெர்மிலியன் எதுவும் எனக்குத் தெரியவில்லையே" என்றாராம். அவர் பயன்படுத்திய லேக் சிவப்பு வெளிச்சம் பட்டால் வெளுக்கும் ஜாதி. அவர் உயிரோடு இருக்கும்போதே முகங்கள் வெளுத்து, வாங்கியவர்கள் முறையிட்டார்கள். ரெனால்ட்ஸின் பிரபுப் பெண்கள் பலர் இன்று சுண்ணாம்பு நிறத்தில் இருப்பதற்குக் காரணம் அது. உங்கள் தோழியின் கட்டுரைக்கும் இது உதவும்.

அடுத்து கைகள். எடின்பரோவில் ராம்சேயின் சித்திரங்கள் ஏராளமாக இருக்கின்றன. நீலத் தாளிலும் சாம்பல் தாளிலும் கறுப்பு, சிவப்பு, வெள்ளைச் சாக்கால் வரைந்தவை. பல தாள்களில் முகமே இருக்காது. ஒரு மணிக்கட்டு, விசிறி பிடித்த விரல்கள், புத்தகத்தின் மேல் கிடக்கும் உள்ளங்கை, அவ்வளவுதான். அந்தக் காலத்து லண்டனில் முகம் ஒருவர், உடை ஒருவர் என்று பிரித்து வரைவது வழக்கம். ஜோசஃப் வான் ஆக்கன் என்ற உடைக்காரர் ராம்சேக்கும், அவருடைய போட்டியாளர் ஹட்சனுக்கும், இன்னும் பலருக்கும் பட்டும் சாட்டினும் வரைந்து கொடுத்தார். 1749இல் அவர் இறந்தபோது, பிழைப்புப் போய்விட்ட போர்ட்ரெய்ட்காரர்கள் அழுதுகொண்டு பாடையின் பின்னால் நடப்பதாக ஓவியர் ஹோகார்த் ஒரு கேலிச்சித்திரம் போட்டார். உடையை வேறொருவர் கையில் விட்டால் ஒரே பட்டு எல்லார் உடம்பிலும் ஏறும். 1750களில் ராம்சேயின் படங்களில் துணி ஆளுக்கு ஏற்றபடி மாறுவதைக் கவனியுங்கள். 1754இலிருந்து 1757வரை மறுபடி இத்தாலியில் இருந்தார். வயது நாற்பது தாண்டியும் அங்கே மாணவனைப் போல உட்கார்ந்து உருவம் வரைந்து பழகினார். மார்கரெட் படம் அதற்குப் பிறகு வந்தது.

நீங்கள் வீணை என்றது தியோர்போ என்ற வாத்தியம். நிற்பவர் லேடி மேரி கோக், ஆர்கைல் கோமகனின் மகள். 1762இல் வரைந்தது. முழு உருவப் படம், பெரிய குடும்பம். ரெனால்ட்ஸாக இருந்தால் சங்கீத தேவதையாக்கி மேகத்தில் ஏற்றியிருப்பார். ராம்சே என்ன செய்தார்? வெள்ளைச் சாட்டினை மட்டும் எடுத்துக்கொண்டார். அந்த வெள்ளைக்குள் எத்தனை சாம்பல், எத்தனை மஞ்சள் என்று பாருங்கம்மா. தட்டில் வெள்ளையும் கறுப்பும் பிதுக்கிக் கலந்தால் அது வராது.

ஒப்பிட்டு எழுத வேண்டும் என்றால் ஒரு ஜோடி தருகிறேன். லேடி சாரா பன்பரியை ரெனால்ட்ஸ் 1763 முதல் 1765வரை வரைந்தார். சிகாகோவில் இருக்கிறது, இரண்டரை மீட்டர் உயரத்துக்குச் சற்றுக் குறைவு. ரோமானிய உடை, புகை எழும்பும் யாக பாத்திரம், எதிரே மூன்று தேவதைகளின் சிலை. அந்தச் சாராவை அறிந்த ஒரு சீமாட்டியோ, அவள் தேவதைகளுக்கு எதையும் படைத்தவள் இல்லை, பிரைட்டனில் கிரிக்கெட் விளையாடி மாட்டிறைச்சி தின்றவள் என்று எழுதி வைத்தார். சாராவின் அக்கா கரோலைனை 1766இல் ராம்சே வரைந்தார். அதில் யாகமும் கிடையாது, சிலையும் கிடையாது.

ஏன் ரெனால்ட்ஸ் அப்படி, ராம்சே இப்படி? சுபாவம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்குத் தெரிந்த காரணம் வேறு. 1760இல்தான் லண்டனில் ஓவியர்கள் முதன்முதலாகப் பொதுக் கண்காட்சி வைத்தார்கள். 1768இல் ராயல் அகாடமி, ரெனால்ட்ஸ் தலைவர். கண்காட்சிச் சுவரில் தரையிலிருந்து கூரைவரை சட்டத்தோடு சட்டம் முட்டப் படம் மாட்டுவார்கள். அங்கே பக்கத்துப் படத்தை அமுக்கினால்தான் நம் படம் கண்ணில் படும். ரெனால்ட்ஸ் அந்தச் சுவருக்காக வரைந்தார். ராம்சே அகாடமியில் சேரவே இல்லை. அவர் படம் ஒரு வீட்டின் ஓர் அறைக்கானது. பகல் வெளிச்சத்தில், சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து, தினமும் அதே ஆட்கள் பார்க்கப் போகிற படம். கத்துகிற படத்தோடு யாரும் தினமும் குடித்தனம் நடத்த முடியாது. 1755இல் 'ரசனை குறித்த உரையாடல்' என்று அவரே ஒரு நூல் எழுதினார். ஆள் மாதிரியே இருக்கிறதா என்று சொல்லப் பாமரனுக்கும் முடியும், அதற்கு நிபுணர் வேண்டாம் என்பது அதில் அவர் கட்சி. உருவ ஒற்றுமையை அவ்வளவு உயர்வாக வைத்தவர் தேவதை வேஷத்துக்கு எப்படிப் போவார்?

அந்தக் காலத்து எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் 1759இலேயே இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டார். ரெனால்ட்ஸிடம் துணிவும் கொந்தளிப்பான வண்ணமும், ராம்சேயிடம் முழுக்க நுட்பம். பெண்களை வரையப் பிறந்தவர் ராம்சேதான் என்பது அவர் தீர்ப்பு.

"அரசருக்குப் பிடித்தவர்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் ஒரு பெரிய கதை இருக்கிறது. 1745இல் ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசர் சார்ல்ஸ் எட்வர்ட் கலகம் செய்து எடின்பரோவைப் பிடித்து ஹோலிரூட் அரண்மனையில் இருந்தபோது, அவரை வரையப் போனவர் இதே ராம்சே. முழங்கை நீளம்கூட இல்லாத சின்னப் படம். பல காலம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கிடந்து, சில ஆண்டுகளுக்கு முன் ஸ்காட்லாந்தின் ஒரு பிரபு மாளிகையில் அடையாளம் காணப்பட்டு, இப்போது எடின்பரோ போர்ட்ரெய்ட் கேலரிக்கு வந்துவிட்டது. அந்த இளவரசர் கவிழ்க்கப் பார்த்த வம்சத்தின் மூன்றாம் ஜார்ஜுக்கு 1761இல் பட்டாபிஷேகப் படம் வரைந்தவரும் இவரே. கலகக்காரர் முகத்திலும் அரசர் முகத்திலும் ஒரே நிதானம். யாருடைய கட்சி என்று தூரிகையை வைத்துச் சொல்ல முடியாது.

அந்தப் பட்டாபிஷேகப் படத்துக்குத்தான் அவர் பெரிய விலை கொடுத்தார். தூதரகங்களுக்கும் கவர்னர்களுக்கும் நூற்றுக்கு மேல் பிரதி கேட்டார்கள். பட்டறை முழுக்க அரசரும் அரசியும் நின்றார்கள். உதவியாளர் ஃபிலிப் ரைனாக்கிள் பிரதி எடுத்தே வெறுத்துப்போய், மனித முகத்தை விட்டு விலங்குகளும் பறவைகளும் வரையப் போய்விட்டார். 1773இல் ஏணியிலிருந்து விழுந்து ராம்சேயின் கை பழுதானது. அதோடு வரைவதும் நின்றது. வீட்டாருக்குத் தீ விபத்தில் எப்படித் தப்புவது என்று காட்டப்போய் விழுந்தாராம். அரச வேலை அவருடைய நல்ல வருடங்களைத் தின்றுவிட்டது என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.


நீலச்சட்டகம்:

தெற்குமாசி ஐயா எழுதியதை அனுபவித்துப் படித்தேன். ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். அடக்கம் என்பது ராம்சேயின் நற்குணம் மாதிரி வாசிக்கிறீர்கள். நான் அதை வர்க்கத்தின் பேச்சாகப் பார்க்கிறேன். புதுப் பணக்காரனுக்குத்தான் தூணும் திரையும் வேண்டும். தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்திருப்பவன் சத்தம் போட வேண்டியதில்லை.

கெய்ன்ஸ்பரோவின் 'ஆண்ட்ரூஸ் தம்பதி'யைப் பாருங்கள். 1750 வாக்கில் வரைந்தது, லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. இவர்கள் பிரபுக்கள்கூட இல்லை, எசெக்ஸ் பக்கத்து நிலச்சுவான்தார்கள். படத்தின் பாதிக்கு மேல் அறுத்த கதிர்க்கட்டுகளும் புல்வெளியும். அவர்கள் ஓரமாக இருக்கிறார்கள், நிலம்தான் நடுவில். அந்த அம்மாளின் மடியில் ஓரிடம் வரையாமலே விடப்பட்டிருக்கிறது. அமைதியான படம்தான், ஆனால் "இதெல்லாம் எங்களுடையது" என்பதை அதைவிட அழுத்தமாகச் சொல்ல முடியாது. இளவெயில், ராம்சேயின் சாம்பல் சுவருக்கும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். அந்தச் சுவர் யாருடைய வீட்டுச் சுவர்?

இன்னொன்று. அரசி சார்லட் இரண்டு மூத்த மகன்களோடு இருக்கும் ராம்சே படத்தில் வாத்தியத்தின் மேல் தையல் பெட்டி இருக்கிறது, அதோடு குழந்தை வளர்ப்பு குறித்து ஜான் லாக் எழுதிய புத்தகமும் இருக்கிறது. அரசியை நல்ல அம்மாவாகக் காட்டுவதும் அரசியல்தான். ரெனால்ட்ஸ் யாக பாத்திரம் வைத்தார், இவர் தையல் பெட்டி வைத்தார்.


ஹீத்தடி:

நான் லண்டனிலை, ஹாம்ஸ்டெட் ஹீத்துக்குக் கிட்ட இருக்கிறன். தெற்குமாசி அண்ணை மான்ஸ்ஃபீல்ட் பிரபுவின்ரை பேரை ஒரு வரியிலை சொல்லிப்போட்டுப் போயிட்டார். அதிலை கனக்க இருக்கு, தங்கச்சி. நீலச்சட்டகம் கேட்ட "யாருடைய வீட்டுச் சுவர்" எண்ட கேள்விக்கும் அங்கைதான் பதில்.

மார்கரெட்டுக்கு ஒரு சகோதரன், ஜோன் லிண்ட்சே, கடற்படை அதிகாரி. மேற்கிந்தியத் தீவுகள் பக்கம் இருந்தபோது மரியா பெல் எண்ட அடிமைப்பட்ட ஆபிரிக்கப் பெண்ணோடை அவருக்கு ஒரு மகள் பிறந்தா, 1761இலை. பேர் டைடோ எலிசபெத் பெல். பிள்ளையை ஜோனின்ரை தாய்மாமன் மான்ஸ்ஃபீல்ட் தன்ரை கென்வுட் மாளிகையிலை வளர்த்தார். எங்கடை வீட்டிலை இருந்து நடந்து போகலாம், உள்ளுக்குப் போகக் காசில்லை. மான்ஸ்ஃபீல்ட்தான் 1772இலை சோமர்செட் வழக்கிலை, அடிமையை இங்கிலாந்திலை இருந்து பலவந்தமாக வெளியிலை கொண்டுபோக ஏலாது எண்டு தீர்ப்புச் சொன்ன நீதிபதி. அதாவது பூ வைக்கிற அந்த மார்கரெட், டைடோவுக்குச் சொந்த மாமி.

டைடோவும் அவவின்ரை ரெண்டுவிட்ட சகோதரி எலிசபெத் மறியும் சேர்ந்து இருக்கிற படம் ஒண்டு ஸ்கொட்லாந்திலை, ஸ்கோன் மாளிகையிலை இருக்கு. முந்தி சொஃபனி வரைஞ்சது எண்டு சொன்னவை, இப்ப டேவிட் மாட்டின் எண்டு சொல்லுகினம். மாட்டின் ஆர்? ராம்சேயின்ரை சீடன், அவற்றை பட்டறையிலை வளந்த ஆள். அந்தப் படத்திலை எலிசபெத் புத்தகத்தோடை இருக்கிறா, டைடோ வெள்ளைச் சாட்டினிலை, தலைப்பாகையிலை இறகு வைச்சுக்கொண்டு, பழங்களோடை எங்கையோ ஓடுற மாதிரி, ஒரு விரலைக் கன்னத்திலை வைச்சபடி. எலிசபெத்தின்ரை கை டைடோவைத் தொடுது. நேரை பார்க்கிற பார்வை ரெண்டு பேரிலும் இருக்கு. ராம்சேயின்ரை அந்தக் "கவனம்" சீடன்ரை கையிலை இப்பிடிப் போய்ச் சேர்ந்திருக்கு எண்டுதான் எனக்குப் படுது. ஆனா தலைப்பாகையும் பழமும் ஏன் டைடோவுக்கு மட்டும் எண்டு கேட்காமல் விடக் கூடாது. மான்ஸ்ஃபீல்ட் தன்ரை உயிலிலை அவ சுதந்திரமான பெண் எண்டதை உறுதி செய்து, 500 பவுனும் வருசம் 100 பவுனும் எழுதி வைச்சார்.

இன்னொரு விசயம் உங்களுக்குக் கிட்டவே இருக்கு. அந்த ஜோன் லிண்ட்சே 1770இலை மதராசுக்கு வந்தவர். ஆற்காட்டு நவாப் முகமது அலியிட்டை அரசரின்ரை நேரடிப் பிரதிநிதியாக அனுப்பினவை. புனித ஜோர்ஜ் கோட்டையிலை இருந்த கொம்பனிக்காரருக்கு அது பிடிக்கவே இல்லை, ஒரே இழுபறி. அடுத்த வருசமே திருப்பிக் கூப்பிட்டிட்டினம். அதே காலத்திலைதான் டிலி கெட்டில் எண்ட லண்டன் ஓவியர் மதராசிலை நிண்டு நவாபை வரைஞ்சவர். பிறகு ஜோர்ஜ் வில்லிசன் எண்ட ஸ்கொட்லாந்துக்காரரும் வந்து வரைஞ்சவர். அந்த நவாப் படங்களிலை முத்தும் நகையும் எப்பிடி இருக்கு எண்டு பாருங்கோ. ஒரே காலம், ஒரே பயிற்சியிலை வந்த ஓவியர்கள். லண்டனிலை இருக்கிற சீமாட்டிக்குச் சாம்பல் சுவர் போதும். மதராசு நவாபுக்கோ அரசரின்ரை கண்ணிலை தானும் அரசன் எண்டு காட்ட வேண்டி இருந்தது.


இளவெயில்:

அரைப் பக்கம் எழுதுவது எப்படி என்று கேட்க வந்தேன், இப்போது எதை விடுவது என்று தெரியவில்லை. மூவருக்கும் மனமார்ந்த நன்றி.

ஹீத்தடி அண்ணா, மார்கரெட்டின் மருமகள் டைடோ என்பது எங்கள் வகுப்பில் யாருக்குமே தெரியாது. நவாப் படங்களைத் தேடிப் பார்க்கிறேன்.

தெற்குமாசி ஐயாவிடம் இன்னும் ஒரு கேள்வி. நீலச்சட்டகம் சொல்வதுபோல் அடக்கமும் வர்க்கத்தின் பேச்சுத்தான் என்றால், நீங்கள் சொன்ன "கவனம்" என்ன ஆகும்? பிரபு அல்லாத ஆட்களை ராம்சே வரைந்த படம் ஏதாவது இருக்கிறதா? அந்தச் சிவப்புக் கோட்டுக்காரர் யார்?


தெற்குமாசி:

நல்ல கேள்வி. நீலச்சட்டகம் சொன்னதில் பாதி எனக்குச் சம்மதம். படம் வரையச் சொல்கிறவர் பணக்காரர், சுவரும் அவருடையது. அதை மறுக்க முடியாது. பட்டாபிஷேகப் படத்தில் அடக்கம் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுவரின் சொந்தக்காரரே கேட்காத ஒன்றைச் சில ஓவியர்கள் படத்தில் வைத்துவிடுகிறார்கள். அதற்குச் சாட்சி நீங்கள் கேட்ட சிவப்புக் கோட்டுக்காரர்.

அவர் டேவிட் ஹியூம், தத்துவவாதி, ராம்சேயின் நெருங்கிய நண்பர். 1754இல் எடின்பரோவில் 'செலக்ட் சொசைட்டி' என்ற விவாதக் கூட்டத்தைத் தொடங்கிய ராம்சேயோடு கூட இருந்தவர். இந்தப் படம் 1766இல் வரைந்தது. தங்கப் பட்டி போட்ட கருஞ்சிவப்புக் கோட்டு, பாரிஸ் தூதரகத்தில் செயலராக இருந்த உத்தியோக உடை. கோட்டு இவ்வளவு ஆடம்பரமா என்று மூன்றாம் ஜார்ஜ் கேட்டாராம். தங்கள் ஆட்சியில் ஒரு தத்துவவாதிக்காவது நல்ல கோட்டு இருந்தது என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று ராம்சே பதில் சொன்னார் என்பார்கள். அந்தக் கோட்டை விடுங்கள். அதற்கு மேலே இருக்கும் முகத்தைப் பாருங்கள். பெரிய, சதைப்பற்றான, அசையாத முகம். ஓவியர் எதையும் மெலிய வைக்கவில்லை, கண்ணுக்குள் ஞான ஒளி ஏற்றவில்லை. யோசித்துக்கொண்டே கேட்கிற ஒருவர், அவ்வளவுதான்.

அதே வருடம் ரூசோவையும் வரைந்தார். ஹியூம்தான் அவரை அடைக்கலமாக இங்கிலாந்துக்கு அழைத்து வந்திருந்தார். ரோமத் தொப்பி, ஆர்மீனிய அங்கி, இருட்டுக்குள்ளிருந்து முகம் பாதி திரும்பி வெளியே வருகிறது. சந்தேகம் நிறைந்த கண். சில மாதங்களில் ஹியூமுக்கும் ரூசோவுக்கும் நட்பு முறிந்தது. ரூசோ பிறகு அந்தப் படத்தில் தன்னைக் கோரமாகக் காட்டிவிட்டதாகக் குறைப்பட்டார். எனக்கு அது கோரமாகத் தெரியவில்லை. பயந்துபோன ஒரு மனிதரை, அவர் பயத்தை வைத்துக் கேலி செய்யாமல் வரைந்த படம் அது. இவர்கள் இருவரும் பிரபுக்கள் இல்லை, நிலம் இல்லை. ஆனால் மார்கரெட்டுக்குக் கொடுத்த அதே வெளிச்சம், அதே பொறுமை. லேடி மேரி கோக்குக்குக் கொடுத்ததும் அதேதான். "கவனம்" என்ன ஆகும் என்று கேட்டீர்களே, அது ஆளுக்கு ஆள் கூடிக் குறையவில்லை என்பதைக் கட்டுரையில் காட்டுங்கள்.

இன்னொரு சின்னப் படம் இருக்கிறது. தன் இறந்த பச்சைக் குழந்தையின் தலையை மட்டும் ராம்சே வரைந்தது, எடின்பரோவில்தான் இருக்கிறது. அதைப் பற்றி நான் எழுத மாட்டேன். நீங்களே பாருங்கள்.

கட்டுரைக்கு முன் ஒன்று செய்யுங்கள். மார்கரெட் படத்தின் நல்ல பிரதியை நேஷனல் கேலரீஸ் ஆஃப் ஸ்காட்லாந்து தளத்திலிருந்து எடுத்து, கன்னமும் கழுத்தும் வரும் உள்ளங்கை அகலத்தை மட்டும் ஆயிலில் பிரதி எடுத்துப் பாருங்கள். முதலில் வெர்மிலியனில் கட்டி, நன்றாகக் காயவிட்டு, மேலே மெல்லிசாக ஏற்றுங்கள். வெள்ளையை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். முதல் முறை கழுத்து ஊதா பாய்ந்துவிடும், பச்சையைக் கொஞ்சம் கூட்டினால் சரியாகும். காய்ந்ததும் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல். நிழல் எப்படித் திரும்புகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.